கேட்காமல் விட்ட துக்கம்

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் என் மச்சானுக்கு அறுபதாம் கல்யாணம். மாசி மாதம், விடியற்காலை ஐந்து மணி. பிராகாரத்தில் கால் வைக்க இடமில்லை. அறுபதுக்குச் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று தூணுக்குத் தூண் ஒரு ஹோமகுண்டம். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு குடும்பம். கலசநீரை மச்சான் தலையில் ஊற்ற வரிசையாகக் கூப்பிட்டார்கள். நானும் ஊற்றினேன்.

மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த யமனைச் சிவன் உதைத்துத் தள்ளிய தலம் இது. பதினாறு வயதுப் பையன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான், வீசிய பாசக்கயிறு லிங்கத்தையும் சேர்த்து வளைத்தது, அதற்குள்ளிருந்து காலசம்ஹார மூர்த்தி வெளிப்பட்டார் என்பது தலபுராணம். ஆயுள் வேண்டி ஜனங்கள் இங்கே வருவது அதனால்தான். தீபாராதனையின்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் மனம் அங்கே நிற்கவில்லை. இந்தச் சன்னிதியிலிருந்து தெற்கே சுமார் எட்டு கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 2004 டிசம்பர் 26 அன்று அங்கே யமனை யாரும் தடுக்கவில்லை. அன்று போன உயிர்களில் ஒன்று, எனக்குச் சோறு போட்ட ஒரு அம்மாவுடையது. அவருடைய மகன் என் கல்லூரித் தோழன். அந்தத் துக்கத்தை நான் போய்க் கேட்கவேயில்லை.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய் நிற்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கல்யாணத்துக்கு வராதவனை மறந்துவிடுவார்கள், சாவுக்கு வராதவனை மறக்க மாட்டார்கள். அது தெரிந்தும் இருபது வருஷம் கடத்திவிட்டேன்.

சடங்குகள் முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, உறவுக்காரர்கள் வேன் பிடித்துப் பூம்புகார் பார்க்கக் கிளம்பினார்கள். நான் தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினேன். கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. பழைய வகுப்புத் தோழர் ஒருவர் கொடுத்த அந்தத் தரங்கம்பாடி நண்பனுடைய எண் மூன்று வருஷமாக என் கைப்பேசியில் இருந்தது. கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து அழைத்தேன்.

"யாரு?" என்றான். குரல் மாறவில்லை.

"கடலா?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "எங்கடா இருக்கே?" என்றான். சொன்னேன். "பஸ் ஏறு. நகர வாசல்கிட்ட நிக்கிறேன்."

*

நாங்கள் இருவரும் 1981இலிருந்து 1984வரை கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தோம். காவிரியின் மேல் பாலத்தைக் கடந்துதான் கல்லூரிக்குள் போக வேண்டும். ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கண் ஆற்றைவிட்டு வராது. அவன் மட்டும், "இதெல்லாம் ஒரு தண்ணியாடா?" என்பான். தரங்கம்பாடி மீனவர் வீட்டுப் பிள்ளை. அதனால் விடுதியில் அவனுக்குக் 'கடல்' என்று பெயர் வைத்தோம். ஆசிரியர்களில் சிலர்கூட அப்படியே கூப்பிட்டார்கள். நான் பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தான். மழையும் கிணறும் ஏரியும் தவிர வேறு தண்ணீர் தெரியாது.

1982 கோடை விடுமுறையில் அவன் என்னைத் தன் ஊருக்கு அழைத்துப் போனான். மாயவரம் மயிலாடுதுறையாகப் பெயர் மாறிய வருஷம் அது. அங்கிருந்து தரங்கம்பாடிக்கு அப்போது ரயில் இருந்தது. 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று வயல்களுக்கு நடுவே நின்று நின்று போகும். தில்லையாடி வந்தபோது, தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடிச் சிறை சென்று 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் குடும்பத்து ஊர் இது என்று எழுந்து நின்று காட்டினான். தண்டவாளம் கடலுக்குக் கிட்டே போய் முடிந்துவிடும். அதற்கு மேல் ரயிலுக்கு வழியில்லை என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1986இல் அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பதினெட்டு வயதில். கால் நனைக்கப் பயந்து மணலிலேயே நின்றேன். கரையில் மீன் ஏலம் முடிந்து கூடையைத் தூக்கிக்கொண்டிருந்த அவன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாத தம்பி. நம்ம கடல்தான், வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிறுத்தினார்.

நான்கு நாள் இருந்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் மாங்காயும் கத்தரிக்காயும் போட்டு வைப்பார். சென்னாக்குன்னியை வறுத்துப் பொடித்து வைத்திருப்பார், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள. ஊர் கிளம்பிய அன்று இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஐந்து ரூபாய்த் தாளை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார். மீன் வாசம் அடித்தது. மீன் கூடையைத் தலையில் சுமந்து பொறையாறுவரை நடந்து விற்றுச் சேர்த்த பணம். வேண்டாம் என்றதற்கு, "புள்ளைங்க வெறுங்கையோட போகக் கூடாது" என்றார்.

படிப்பு முடிந்ததும் அவன் பி.எட். முடித்து ஆசிரியரானான். எனக்குச் சேலத்தில் கூட்டுறவு வங்கி வேலை. சில வருஷம் கடிதம், பிறகு பொங்கல் வாழ்த்து, பிறகு அதுவும் இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. வேலை, குழந்தைகள், வீட்டுக் கடன் என்று எல்லோருக்கும் நடப்பதுதான்.

*

தரங்கம்பாடிக்குள் நுழைவதற்கு டென்மார்க்காரர்கள் 1792இல் கட்டிய நகர வாசல் ஒன்று இருக்கிறது. வெள்ளை அடித்த வளைவு. அதைத் தாண்டினால் ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். தலை முழுக்க நரை. வேட்டி, அரைக்கைச் சட்டை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷமாகிறது.

என்ன பேச என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். அவன் பேச விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல ஊரைப் பாரு" என்று நடக்க ஆரம்பித்துவிட்டான். நாற்பது வருஷத்துக்கு முன் ஹாஸ்டல் நடையில் பிடித்த அதே பிடி, மணிக்கட்டுக்கு மேலே.

ராஜ வீதியில் அவனுக்குத் தெரியாத சுவர் இல்லை. 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம் எது, டேனிஷ் கவர்னர் இருந்த மாளிகை எது, எந்த வீடு இடிந்து திரும்பக் கட்டப்பட்டது என்று காட்டிக்கொண்டே வந்தான். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளை இந்த ஊரில் முன்சீப்பாக இருந்தார் என்றான். தமிழின் முதல் நாவலாசிரியர் நடந்த தெரு என்று எண்ணிப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

புதிய எருசலேம் ஆலயத்துக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். முகப்பில் டேனிஷ் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரையும் 1718 என்ற ஆண்டும். உள்ளே பார்த்தலோமேயு சீகன்பால்குவின் கல்லறை. 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் இருந்தது. இறந்தபோது 36. இடையிலிருந்த பன்னிரண்டு வருஷத்தில் அவர் செய்தவற்றை நண்பன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றை முதலில் எழுத வேண்டும். அவர் தமிழ் கற்கத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். "நம்ம ஊருக்கு வந்த எத்தனையோ பேரு நம்மளைத் தங்கள் பாஷை பேச வச்சாங்க. இவரு கீழ உக்காந்தாரு" என்றான் நண்பன். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவனுக்கு எதைச் சொன்னால் பிள்ளைகள் மனதில் நிற்கும் என்று தெரிந்திருக்கிறது.

சீகன்பால்கு தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து 1708இல் அவற்றுக்கு விவரப் பட்டியல் ஒன்று எழுதினார். அதே 1708இல் கோட்டைத் தளபதியோடு மோதல் வந்து நான்கு மாதம் சிறையில் அடைக்கப்பட்டார். லண்டனிலிருந்து அச்சு எந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் தாங்கவில்லை. ஊரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கும் இங்கேயே ஆலை வைத்தார்கள். பொறையாற்றில் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் கடுதாசிப்பட்டறைத் தெருவில் அவருக்கு வாடிக்கை வீடுகள் உண்டு என்று அவன் சொன்னபோதுதான் அன்று முதல் தடவையாக 'அம்மா' என்ற சொல் எங்களுக்கு நடுவே வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் எழுந்து, "கோட்டைக்குப் போவோம்" என்றான்.

டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டென்மார்க்கின் ஓவே கெட்டே உடன்படிக்கை செய்துகொண்டு கட்டத் தொடங்கியது. மிளகு வியாபாரத்துக்காக. நாயக்கர் டென்மார்க் அரசருக்கு எழுதிய தங்க ஓலைக் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. உடன்படிக்கைக்கு ஒரு வருஷம் முன்பே வந்த டேனிஷ் கப்பல் ஒன்றைப் போர்த்துக்கீசியர் காரைக்கால் பக்கத்தில் தாக்கி அழித்தார்கள். அதில் தப்பியவர்கள் தஞ்சை அரண்மனையில் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் இந்தச் சிறிய ஊர் டென்மார்க்காரர்களுடையது. 1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து, ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட்டது. துறைமுகம் தூங்கிவிட்டது. ஊர் பிழைத்ததற்கும் பழைமை மாறாமல் நிற்பதற்கும் அந்தத் தூக்கம்தான் காரணம் என்பது அவன் கட்சி. எனக்கும் சரியென்றே படுகிறது.

கோட்டையின் கீழ்த்தளத்தில் சரக்கு அறைகள். மேல்தளத்தில் அருங்காட்சியகம். பீங்கான் பாத்திரங்கள், பழைய ஆவணங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். அவனைக் கண்டதும் அவர்களுடைய ஆசிரியை, "சார், நீங்களே சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். அவரும் அவனிடம் படித்தவராம். அவன் கால்மணி நேரம் பேசினான். அப்போது ஒரு சிறுவன் கேட்டான்: "சார், சுனாமி வந்தப்ப கோட்டை விழலையா சார்?"

"விழலடா" என்றான் அவன். "சுவர் கனம். வீடுங்கதான் விழுந்துச்சு."

*

கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. இந்த ஊருக்குக் குலசேகரன்பட்டினம், சடங்கன்பாடி என்று பெயர்கள் இருந்தது இந்தக் கோயில் கல்வெட்டிலிருந்துதான் தெரிகிறது. நான் 1982இல் பார்த்தபோது கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்று முடித்திருந்தது. கல்லும் செங்கல்லும் அலைக்குள் கிடந்தன. கருவறை மட்டும் கரையில் பிடிவாதமாக நின்றது. இப்போது திருப்பணி நடந்து வண்ணம் பூசிய புதுக் கோலம். கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே கருங்கற்களைக் கொட்டித் தடுப்பு எழுப்பியிருக்கிறார்கள்.

அந்தக் கல் ஒன்றில் போய் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்துவிட்டது. மாசிக் கடல் அடக்கமாக இருந்தது. ஃபைபர் படகுகள் மணலில் ஏறி நின்றன. கட்டுமரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அதற்கு மேல் தள்ளிப் போட எனக்கே பிடிக்கவில்லை. "அம்மா விஷயம்…" என்று தொடங்கினேன். தொடர முடியவில்லை.

அவன்தான் சொன்னான். கடலைப் பார்த்தபடியே, குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"ஞாயித்துக்கெழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பள்ளிக்கூடம் லீவு. நான் பிள்ளைங்களுக்குத் துணி எடுக்க மாயவரம் போயிருந்தேன். அவளையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போனதால அவங்க பொழைச்சாங்க. அம்மாவையும் கூப்பிட்டேன். ஏலத்துக்குப் போகணும்னுச்சு. நாலு பேரு கடல் உள்ள வந்திருச்சுங்கறான். என்னன்னு புரியல. கடல் எப்படிடா உள்ள வரும்? சுனாமிங்கற வார்த்தையே சாயங்காலம் ரேடியோல கேட்டதுதான். வரலாறு வாத்தியாரு நானு. எனக்கே தெரியாது."

சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு. அலை இந்தக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் அப்போது எச்சரிக்கை அமைப்பு கிடையாது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது 2007இல். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தண்டோரா போட்டிருந்தால் எத்தனை பேர் மேட்டுக்கு ஓடியிருப்பார்கள்! அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு சாவு இல்லை. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. கடலில் தள்ளிப்போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அலை கடந்து போனதே தெரியவில்லை. கரையில் ஏலத்துக்குக் காத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

"மூணாம் நாளு கிடைச்சுச்சு. முள்ளுக்காட்டுல. முகம் அடையாளம் தெரியல. இடுப்புல சுருக்குப்பை இருந்துச்சு. அதை வச்சுத்தான்…"

அந்தச் சுருக்குப்பையை எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல வரவில்லை. அழுதேன். அவன் அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான் என் பக்கத்தைச் சொன்னேன். அன்று சேலத்தில் தொலைக்காட்சியில் பார்த்தது, தெரிந்த எண்ணுக்கெல்லாம் போட்டுப் பார்த்தது, லைன் கிடைக்காதது. வங்கியில் ஊழியர்கள் எல்லோரும் ஒரு நாள் சம்பளம் அனுப்பியது. ஒரு வாரம் கழித்து ஒரு தோழர் மூலம் அம்மா போன செய்தி தெரிந்தது. இந்த வாரம் போகலாம், பொங்கல் கழித்துப் போகலாம் என்று தள்ளியது. காரியத்துக்குள் போயிருக்க வேண்டும், போகவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தேன், முதல் வரிக்கு மேல் நகரவில்லை. வருஷத் திதிக்காவது போகலாம் என்று நினைத்தேன். ஒரு வருஷம் கழித்து என்ன முகத்தோடு போவது? இப்போது போய் நின்றால் ஆறிய புண்ணைக் கிளறினதாக ஆகுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை மரியாதை என்றுகூட நினைத்தேன்.

அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு சொன்னான்:

"எல்லாரும் வந்தாங்கடா. மந்திரி வந்தாரு, டி.வி.க்காரங்க வந்தாங்க, வெளிநாட்டுக்காரங்க எத்தனை பேரு வந்தாங்க. அரிசி கொடுத்தாங்க, போர்வை கொடுத்தாங்க, படகு கொடுத்தாங்க. ஒருத்தருக்கும் அம்மாவைத் தெரியாது. அம்மா கையால சாப்பிட்ட ஒருத்தன் வந்து பக்கத்துல உக்காருவான்னு பார்த்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஸ்டாஃப் ரூம்லயும் அப்படித்தான்" என்றான். "நான் உள்ள போனா பேச்சை நிறுத்திடுவாங்க. கடல்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தவன்லாம் அந்தப் பேரை விட்டுட்டான். எனக்கு வலிக்கும்னு. அது எனக்குப் பிடிச்ச பேருடா. அம்மாவுக்கும் பிடிக்கும். 'உன் பேரே கடலாமே'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். பேரும் போச்சு, அம்மாவைப் பத்திப் பேச ஆளும் போச்சு. இன்னிக்கு நீ ஃபோன்ல கடலான்னியே, கையில இருந்த டம்ளரை வச்சுட்டு உக்காந்துட்டேன்."

*

அவன் வீடு இப்போது பழைய இடத்தில் இல்லை. சுனாமிக்குப் பிறகு கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிய குடியிருப்பில் இருக்கிறான். வாசலில் மாமரம், அதற்குக் கீழே வலை காயும் கயிறு. அவன் மனைவியை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். "வாங்கண்ணே" என்று அழைத்த அழைப்பில், இவன் யாரென்று எல்லாம் தெரியும் என்பது இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். மாங்காயும் கத்தரிக்காயும் போட்டு. "அத்தை சொல்லிக் கொடுத்த பக்குவம்ணே. சரியா வந்திருக்கா?" என்று கேட்டார். சரியாக வந்திருந்தது.

கை கழுவிவிட்டு வந்தபோதுதான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன். மாலை போட்ட சட்டத்துக்குள் ஒரு முகம். அம்மாவா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு மங்கல். வீட்டிலிருந்த படமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டதாம். பொறையாற்றில் ஒரு உறவுக்காரர் கல்யாண ஆல்பத்தில், கூட்டத்தின் ஓரத்தில் அம்மா நின்றிருக்கிறார். அதை வெட்டிப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். "பேரனுங்க இதான் அப்பாயி மூஞ்சின்னு நினைச்சுக்கிட்டு இருக்கானுங்க" என்றான் நண்பன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னிடம் படம் இருக்கிறது. 1982இல் எங்கள் மாமாவிடம் கெஞ்சி வாங்கிப் போன கேமராவில், கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் நான் எடுத்தது. இடுப்பில் கூடையோடு அம்மா நிற்கிறார், பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு இவன் தம்பி. கூடை மறைக்கிறது, இறக்கி வையுங்கள் என்றதற்கு, "கூடை இல்லாம என்னை யாருக்கு அடையாளம் தெரியும்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு விழுந்த படம். சேலத்தில் இரும்பு பீரோவுக்குள், பழைய ஆல்பத்தில் இருக்கிறது. இருபது வருஷமாக இவர்கள் மங்கலான முகத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருக்க, தெளிவான முகம் என் பீரோவில் பூட்டிக் கிடந்திருக்கிறது. வராமல் போனதில் இவ்வளவு பெரிய பாதகம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

சேலத்திலிருந்த மகளைக் கூப்பிட்டேன். மேல்தட்டு, பச்சை அட்டை ஆல்பம் என்று சொன்னேன். அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரமும் மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியில் படம் வந்ததும் அவனிடம் நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். கல்வரிசையில் உட்கார்ந்து கதை முழுவதும் சொன்னபோது அழாதவன், அப்போது வாய்விட்டு அழுதான். அவன் மனைவி கைப்பேசியை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் வீடு நிறைந்துவிட்டது. வயதான ஒரு பெண் படத்தைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார். அந்தக் கூடையை முடைந்தது தன் புருஷன் என்றார். பேரப்பிள்ளைகள் ஒருவன் தோள்மேல் ஒருவன் எட்டிப் பார்த்தார்கள். ஆளாளுக்கு அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். விலை பேசுவதில் கெட்டி. கடன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பாது. எம்.ஜி.ஆர். படம் என்றால் மூன்று மைல் நடக்கும். ஒன்பது மணிவரை பேச்சு ஓயவில்லை.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது நம் வழக்கம். போய்விட்டு வருகிறேன் என்றால் மறுபடி ஒரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். வந்தவர் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். நான் வந்தது துக்கம் கேட்கத்தானே? அதனால் பையை எடுத்துக்கொண்டு, சுவரிலிருந்த படத்தைக் கும்பிட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினேன்.

"அண்ணே" என்று பின்னாலிருந்து அவன் மனைவி கூப்பிட்டார். "அத்தை போயி இருபது வருஷமாச்சு. இது துக்க வீடு இல்லண்ணே. சொல்லிட்டுப் போங்க."

திரும்பி நின்றேன். "போயிட்டு வர்றேன்மா. போயிட்டு வர்றேன்டா, கடல்" என்றேன்.

அவன் பஸ் நிறுத்தம்வரை வந்தான். பஸ் வந்ததும் என் சட்டைப் பையில் எதையோ திணித்தான். ஐந்து ரூபாய் நாணயம்.

படத்தைச் சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்பச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். டிசம்பர் 26 அன்று தரங்கம்பாடி மீனவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். கரையில் கூடிப் பாலும் பூவும் விடுவார்கள். அதற்கு முந்தின நாளே நான் படத்தோடு அங்கே இருப்பேன்.